பனாட்டும் மாம்பழ அப்பளமும்

(அறக்கட்டளையின் அட்சய திருதியை விழா, மகளிர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தியை அழைத்தவர்கள், அவள் இலக்கியம் பேசுவாள் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ அடுக்களையைச் சேர்ந்தது. கோடையில் கனியும் பழங்களைக் கூழாக்கி, வெயிலில் உலர்த்தி, தகடாக எடுத்துவைக்கும் தின்பண்டத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். கடைகளில் பளபளக்கும் தாளில் சுற்றி ‘மேங்கோ பார்’ என்று விற்கிறார்களே, அதன் மூத்த உறவு இது. திருவாண்டார்கோயிலில் எங்கள் வீட்டில் இதனை மாம்பழ அப்பளம் என்று வழங்குவோம். ஆயினும் இலக்கணத்தை முற்றிலும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சொல்லும் ஒரு விதியும்

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில், உயிர் மயங்கியல் என்னும் இயலில், பனை என்னும் சொல்லுக்கெனத் தனி விதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பனை என்பதோடு அட்டு என்னும் சொல் வந்து சேரும்போது நிகழும் மாற்றத்தைக் கூறுவது. பனையின் ஈற்றிலுள்ள ஐகாரம் கெடும். அவ்விடத்தில் ஆகாரம் தோன்றும். சொல் பனாஅட்டு என்றாகும். பிற்காலத்து நன்னூலாரும் இதனை விடாமல் எடுத்தோதினார். பனாஅட்டு என்பதே வழக்கில் சுருங்கிப் பனாட்டு ஆயிற்று.

ஒரே ஒரு சொல் புணர்வதற்காக இலக்கண ஆசிரியர் தனியே விதி வகுக்கிறார் என்றால், அச்சொல் மக்கள் நாவில் நாள்தோறும் புழங்கியிருக்க வேண்டும். பனை தந்த சாற்றை இறுகச்செய்து இனிய கட்டியாக்கும் தொழிலை நம் முன்னோர் அத்துணைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

முதுகலை பயின்ற நாளில் இவ்விதியை நான் மனப்பாடம் செய்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆசிரியையான பின்னர், மேல்நிலை வகுப்புகளில் புணர்ச்சி நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பனாட்டு என்றால் என்ன என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ‘பனையிலிருந்து செய்யும் ஒருவகைத் தின்பண்டம்’ என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

ஒருநாள் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் பகுதியில் தங்கிய குடும்பத்துப் பிள்ளை. “டீச்சர், அது எங்கட அம்மம்மா செய்யிறவ” என்றாள். வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்து, ஓலையில் பின்னிய சிறு பெட்டி ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே கருஞ்சிவப்பாக, தடித்த தோல்போல, வளைத்தால் வளையும் துண்டுகள். வாயிலிட்டேன். முதலில் இனிப்பு, பின் சற்றே கசப்பு, இறுதியில் பனம்பழத்தின் மணம். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய சொல்லை அன்றுதான் உண்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து வருவித்தீர்கள் என்று கேட்டேன். “இஞ்சதான் டீச்சர், ஏரிக்கரையில விழுந்து கிடந்த பழம்” என்றார் அந்த அம்மையார். நாம் காலால் ஒதுக்கிவிட்டு நடக்கின்ற பழம் அது.

பனாட்டுச் செய்யும் முறை

அவர் சொல்லக் கேட்ட முறையை இங்குப் பதிவு செய்வது என் கடமை. ஆடி, ஆவணி மாதங்களில் பனம்பழம் தானே பழுத்து விழும். அதனை எடுத்துக் கழுவி, மேல்தோலை உரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால், கொட்டையைச் சுற்றியுள்ள நாரிலிருந்து மஞ்சட்சிவப்பான கூழ் கழன்று வரும். அதைத் துணியில் வடிகட்டி, உயரமான பந்தலின்மேல் விரித்த ஓலைப்பாயில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். அது காய்ந்ததும் மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. அதுவும் காய்ந்தபின் வேறொன்று. இவ்வாறு பல நாள் அடுக்கி, நன்கு உலர்ந்த பின் பாயிலிருந்து உரித்தெடுத்து, துண்டாக்கி ஓலைப்பெட்டியில் சேமிப்பர். பனம்பாணியில் ஊறவைத்து எடுப்பது பாணிப்பனாட்டு. பிசைந்தெடுத்தபின் எஞ்சும் கொட்டையை எறிந்துவிட வேண்டியதில்லை. ஏரிக்கரையில் ஊன்றினால் அடுத்த தலைமுறைக்கு ஒரு பனை.

பனையின் பயன்களைத் தொகுத்துக் கூறும் தாலவிலாசம் என்னும் நூல் அதற்கு 801 பயன்களைக் காட்டுகிறது என்பர். இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கே பனாட்டு இன்றும் விற்பனையில் உள்ள பண்டம். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் நமக்கும் பனைகள் நிற்கின்றன. பழமும் விழுகிறது. நமக்குச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அத்தையின் மொட்டைமாடி

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன், ஒவ்வொரு கத்திரி வெயிலிலும் மொட்டைமாடியில் மாம்பழ அப்பளம் போடுவார். பழம் வேறு; செயல் அதே. கூழை மெல்லப் பரப்புவது, காயவிடுவது, மேற்பூச்சுத் தருவது. தொல்காப்பியர் விதி வகுத்த தொழிலின் உடன்பிறப்பு என் தலைக்கு மேலேயே ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது. நானோ அதனை மதிய உணவுப் பெட்டியில் எடுத்துச் சென்று தின்றதல்லாமல் ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்தை பலமுறை அழைத்திருக்கிறார். “வந்து பாரேன்மா, ஒரு தடவை பார்த்தா கை பழகிடும்” என்பார். மாம்பழக் காலமும் தேர்வு விடைத்தாள் திருத்தும் காலமும் ஒன்றாகவே வரும். “நாளைக்குப் பார்க்கிறேன் அத்தை” என்பேன். அந்த நாளை வரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே அவர் மறைந்தார். கையோடு அக்கலையும் போயிற்று. ஓர் அளவும் எந்தத் தாளிலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான்; எழுதி வைத்திருக்க வேண்டியவளும் நான்தான்.

ஓய்வு பெற்றபின் மூன்று கோடைகள் முயன்றேன். முதல் ஆண்டு விரல் பருமனுக்கு ஊற்றினேன். இரண்டாம் நாளே புளித்த வாடை வந்தது. இரண்டாம் ஆண்டு மேற்பரப்புக் காய்ந்ததைக் கண்டு அவசரப்பட்டுச் சுருட்டி டப்பாவில் அடைத்தேன். ஆடி மாதத்தில் பேத்திக்கென ஆசையாகத் திறந்தால் உள்மடிப்பெல்லாம் பச்சைப் பூஞ்சை. குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்க, முழுவதையும் எருக்குழியில் கொட்டினேன். மூன்றாம் ஆண்டில் ஓரளவு வாய்த்தது. அந்தத் தோல்விகள் கற்பித்தவற்றையே இப்போது உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

பழம் தெரிதல்

நார் குறைந்து சதைப்பற்று மிகுந்த பழம் ஏற்றது. பங்கனப்பள்ளி நிறமும் மணமும் தரும். செந்தூரா சிறிது புளிப்பைச் சேர்க்கும். பருவத்தின் கடைசியில் வரும் நீலமும் நன்றே. ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்கும் பழம் அவ்வகையில் மிகுதி. பழத்தை அப்படியே கசக்கிப் பிழியும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உயிருக்கு ஊறு செய்யாமை போற்றும் இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை: ஒவ்வொரு பழத்தையும் நறுக்கி, வெளிச்சத்தில் பார்த்து, அதன்பின் சதையை எடுங்கள். புழு கண்ட பழத்தைத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் வைத்துவிடலாம். என் அத்தையும் அவ்வாறே செய்வார்.

கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்வது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடை செய்யப்பட்டுள்ளது. தோல் எங்கும் ஒரே மஞ்சளாக இருந்து, மணமின்றி, உள்ளே வெளுத்திருக்கும் பழத்தை ஐயுறுங்கள். காயாக வாங்கி வைக்கோலில் பழுக்கவைத்தால் கவலையே இல்லை.

கூழும் சூடும்

ஏறத்தாழ 2 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கூழ் கிடைக்கும். அதனுடன் 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஓர் எலுமிச்சம்பழச் சாறு. பழம் நல்ல இனிப்பாயின் சர்க்கரையே வேண்டாம். இக்காலச் செய்முறைகள் சிலவற்றில் தேன் சேர்க்கச் சொல்கிறார்கள். தேனை விலக்கும் வீடுகள் அதற்காக வருந்த வேண்டியதில்லை. இப்பண்டத்திற்குத் தேன் தேவையே இல்லை.

கூழை அடிகனத்த பாத்திரத்தில், ஆவி பறந்து ஓரத்தில் குமிழி அரும்பும்வரை, மிதமான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். நான் முதல் ஆண்டு விட்ட படி இதுதான். பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதிகளும், புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் அச்சூட்டில் செயலிழக்கின்றன. எலுமிச்சையின் புளிப்பு நிறத்தையும் காக்கிறது. பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைத் தவிர்த்திடுக. புளிப்புப் பட்டால் அவை கூழில் கலக்கும். எவர்சில்வர் தாம்பாளமே போதும்.

வெயிலும் துணியும்

தாம்பாளத்தில் நெய்யை மிக இலேசாகத் தடவி, கூழை இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் உயரத்திற்கு மட்டும் பரப்புங்கள். நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் மெல்லிய மல் துணியை, கூழில் படாதவாறு இழுத்துக் கட்டுங்கள். ஈ வந்து ஒட்டிச் சாகவும் கூடாது. நாம் அதை உண்ணவும் கூடாது. கட்டிலின் கால்களைச் சுற்றி அத்தை மஞ்சள்தூள் தூவுவார். எறும்பு விலகிப் போகும், சாகாது என்பார்.

கத்திரி வெயிலில் ஒரு பூச்சு ஒரு பகலில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். பொழுது சாய்வதற்குள் தாம்பாளத்தை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். நம் பகுதிக்குக் கடல் தொலைவில் இல்லை. மாலைக் காற்று ஈரத்தைச் சுமந்து வரும். பகலில் இழந்த நீரைத் தகடு இரவில் மீண்டும் குடித்துவிடும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் வீடுகளுக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. மறுநாள் காலையில் இரண்டாம் பூச்சு. அதற்கு மறுநாள் மூன்றாவது. ஒவ்வொரு நாளும் புதுக்கூழ் காய்ச்சுக. நேற்றைய கூழை வைத்திருந்து ஊற்ற வேண்டாம். மூன்று பூச்சுக்குப் பின், தகட்டை உரித்துத் திருப்பிப் போட்டு மேலும் ஒருநாள் காயவிடுங்கள். அடிப்பக்கம் ஈரமாக இருப்பதை மேற்பக்கம் மறைத்துவிடும். என் இரண்டாம் ஆண்டுப் பிழை அதுவே.

ஈரம் அறிதல்

மாங்கூழில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அது பெரும்பாலும் வெளியேறினால்தான் பண்டம் நிற்கும். சர்க்கரை சேர்க்காத 1 கிலோ கூழ் 250 கிராம் அளவிற்குச் சுருங்க வேண்டும். தராசு இருந்தால் நிறுத்தே பார்த்துவிடலாம். மடித்தால் வெடிக்கக் கூடாது; விரலில் பிசுபிசுக்கவும் கூடாது. இறுதியாக ஒரு சோதனை: துண்டுகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி இரண்டு நாள் வையுங்கள். உட்சுவரில் சிறு நீர்த்துளி அரும்பினால் மீண்டும் வெயிலில் போடுங்கள். ஈரம் மிஞ்சிய பண்டத்தில் பூஞ்சை பிறக்கும். உணவை ஆராய்ந்து உண்பவருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நன்கு காய்ந்ததை எண்ணெய்த்தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மழைக்காலம்வரை வரும். எனினும் அளவு வேண்டும். கால் கிலோ தகட்டில் ஒரு கிலோ கூழின் இனிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுவைக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்துவது நலம். பல்லில் ஒட்டுமாதலால் பிள்ளைகள் தின்றபின் வாய் கொப்பளிக்க வேண்டும். வெயிலில் உயிர்ச்சத்து சி பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பழம் கிடைக்கும் நாளில் பழத்தையே உண்க. இல்லாத நாளுக்கு இது.

இம்முறையில் பலாவையும் செய்யலாம். பண்ருட்டி நமக்கு அண்மையில் இருக்கிறது. கெட்டியான சுளையைவிடக் குழைவான சுளையே அரைபடும். பப்பாளி, கொய்யா, சப்போட்டா ஆகியவையும் ஏற்றவை. கொய்யாவின் விதையை வடிகட்டி நீக்கிவிட வேண்டும்.

உலகெங்கும் ஒரு பண்டம்

இது நமக்கு மட்டும் உரிய பண்டமன்று. கோதாவரிக் கரையிலுள்ள ஆத்ரேயபுரத்தில் மாமிடி தாண்ட்ரா என்ற பெயரில் ஊர் முழுக்கத் தொழிலாக நடக்கிறது. வங்கத்தில் ஆம்சத்தோ, மராட்டியத்தில் ஆம்பா போளி. சிரியாவின் ஆப்ரிகாட் பழத்தகடு கமருத்தீன் எனப்படும். ரமலான் மாதத்தில் அதனை நீரில் கரைத்துப் பருகுவர். ஜார்ஜியா நாட்டில் புளிப்பு மிகுந்த பிளம் பழத்தைத் தகடாக்கிக் குழம்பில் இடுகின்றனர். மைசூரில் 1950 இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பழத்தகடு செய்வதற்கான தொழில்முறையை வகுத்துத் தந்துள்ளது. பழம் மிகுந்து கிடக்கும் ஒரு மாதத்தை, பழமில்லாத பதினொரு மாதங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அறிவு எங்கெல்லாம் வெயில் உண்டோ அங்கெல்லாம் பிறந்திருக்கிறது.

கொடுக்கத் தெரிதல்

இறுதியாக, இந்நாளின் சிறப்புக்கு வருகிறேன். ஆதிநாதர் துறவு பூண்டபின் ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி நடந்தார் என்பதும், அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்து அந்நோன்பை முடித்துவைத்தான் என்பதும் நீங்கள் எல்லோரும் அறிந்த வரலாறு. அவ்வரலாற்றில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. ஓராண்டும் அவருக்குக் கொடுக்க மக்கள் முன்வராமல் இல்லை. மணியும் பொன்னும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நின்றார்கள். துறவிக்கு எதை, எவ்வாறு அளிப்பது என்னும் அறிவு ஒருவரிடமும் இல்லை. அதனை நினைவுக்குக் கொண்டுவந்த ஒருவன் பிறந்த பின்னரே, எளிய ஒரு சாறு அவர் கையில் சேர்ந்தது.

நம் பிள்ளைகளுக்கும் நாம் எவ்வளவோ வாங்கித் தருகிறோம். பொட்டலம் பொட்டலமாகத் தருகிறோம். ஏரிக்கரையில் பனம்பழம் விழுந்து கிடக்கிறது. சந்தையில் மாம்பழம் குவிந்து, விற்காதது அழுகுகிறது. கொடுக்க நமக்கு மனமுண்டு. கொடுக்கத் தெரிந்த கை, நம் வீட்டில் எழுபதையும் எண்பதையும் கடந்த ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அவர் இன்னும் ஒரு கோடைக்கு மொட்டைமாடி ஏறுவாரோ, இரண்டு கோடைக்கு ஏறுவாரோ, நாமறியோம்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இக்கூட்டம் முடிந்து வீடு சென்றதும், உங்கள் அத்தையிடமோ அம்மாவிடமோ பாட்டியிடமோ, அவர்கள் கைக்கு மட்டும் தெரிந்த ஒரு பண்டத்தைக் கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். அளவை ஒரு தாளில் எழுதுங்கள். விடைத்தாள்கள் காத்திருக்கும். நான் திருத்திய தாள்களில் ஒன்றையும் இன்று யாரும் வைத்திருக்கப் போவதில்லை. அத்தையின் அளவு இருந்திருந்தால் எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை வைத்திருக்கும்.

மேடையின் ஓரத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். இவ்வாண்டு செய்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். அத்தையுடையது இதைவிட நன்றாக இருக்கும்.